பணி அனுபவம் இல்லாமல் முதுநிலைப் படிப்பு: பீன்யாவிலிருந்து ஒரு கேள்வி

பீன்யா இரண்டாம் கட்டத்தில் உள்ள ஒரு சிறு பட்டறையில் லேத் இயந்திரத்தில் வேலை பார்க்கும் தகப்பனார் ஒருவர், ஓர் ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமையன்று தம் மகளுடன் கிளைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் செங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தின் கிரயப் பத்திரம். மகள் இயந்திரப் பொறியியலில் இறுதியாண்டு மாணவி. மேற்படிப்புக்குக் கடன் கேட்க வந்திருந்தார்கள். ஆனால் தகப்பனார் முதலில் கேட்டது கடனைப் பற்றியன்று.

“சார், இவ ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. மாஸ்டர்ஸ் படிக்கணும்னா ரெண்டு வருஷம் கம்பெனி அனுபவம் வேணும்னு எங்க பட்டறையில சொல்றாங்க. அனுபவம் இல்லாம எடுத்துக்குவாங்களா? எடுத்துக்கலைன்னா இந்தப் பத்திரத்தை இப்பவே எதுக்கு வைக்கணும்?”

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, பீன்யா, தாசரஹள்ளி, லக்கரே பகுதிகளில் குடியேறிய பல குடும்பங்களில் இன்று முதல் பட்டதாரிகள் உருவாகிவருகின்றனர். அக்குடும்பங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. பட்டறையில் சொல்லப்பட்டது முழுப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. எது எங்குப் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுத்தால், ஒன்று இரண்டு ஆண்டுகள் வீணாகும். அல்லது நிலம் அடமானத்துக்குப் போகும்.

முதுநிலைப் பட்டம் என்ற ஒரே பெயரால் நாம் அழைக்கும் படிப்புகள் உண்மையில் இருவகைப்பட்டவை. இளநிலையில் படித்த துறையையே மேலும் ஆழமாகப் படிப்பது முதல் வகை. எம்.டெக்., எம்.எஸ்சி., எம்.காம்., எம்.ஏ. ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் சேருவதற்குப் பணி அனுபவம் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. இளநிலைப் பட்டம், நுழைவுத் தேர்வு மதிப்பெண், சிலவிடங்களில் நேர்முகத் தேர்வு; அவ்வளவே. ஏற்கெனவே தொழில் செய்துவரும் ஒருவர் தம் தொழிலில் மேல்நிலைக்குச் செல்வதற்கென வடிவமைக்கப்பட்டவை இரண்டாம் வகை. மேலாண்மைத் துறையின் ஓராண்டுப் படிப்புகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு வகுப்பறையில் பேசப்படுவதே மாணவர்களின் தொழில் அனுபவந்தான் என்பதால், அனுபவம் இல்லாதவருக்கு அங்கு இடமில்லை.

பெங்களூரிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். பீன்யா மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம் யஷ்வந்த்பூர். அதற்கு அருகில்தான் 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கு எம்.டெக். சேருவதற்குப் பொறியியல் பட்டமும் கேட் தேர்வு மதிப்பெண்ணும் அடிப்படை. வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நகரின் தென்கோடியில், பன்னேர்கட்டா சாலையில், 1973-இல் தொடங்கப்பட்ட இந்திய மேலாண்மைக் கழகம் இருக்கிறது. அதன் ஈராண்டு முழுநேரப் படிப்புக்கு இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். அதே வளாகத்தில் நடைபெறும் ஓராண்டு நிர்வாகிகள் படிப்புக்கோ குறைந்தது 5 ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். ஹைதராபாதில் உள்ள இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் தன் முதன்மைப் படிப்புக்கு 2 ஆண்டு முழுநேர அனுபவத்தைக் கேட்கிறது. தகப்பனாரின் பட்டறையில் சொல்லப்பட்ட ‘இரண்டு வருஷம்’ இத்தகைய ஏதோ ஒரு படிப்பின் விதியிலிருந்து கிளம்பி, எல்லாப் படிப்புக்கும் உரிய விதியாக உருமாறியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பொறியியல் முதுநிலைக்கான தேர்வும் மேலாண்மைப் படிப்புக்கான தேர்வும் தமிழில் எழுதும்போது இரண்டுமே ‘கேட்’ என்று அமைந்துவிடுகின்றன. மகள் ஒன்றைச் சொல்ல, தகப்பனார் மற்றொன்றுக்குப் பணம் கட்டிய கதையும் உண்டு. இக்கட்டுரையில் அவற்றைப் பொறியியல் கேட், மேலாண்மை கேட் என்றே குறிப்பிடுவோம்.

பொறியியல் கேட் தேர்வை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தையொட்டி ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் முறைவைத்து நடத்துகின்றன. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே இத்தேர்வை எழுதலாம். பெற்ற மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். இதன் பயனைப் பலர் உணர்வதில்லை: மூன்றாம் ஆண்டில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர், பட்டம் முடித்த கையோடு சேரலாம், அல்லது ஓராண்டு வேலை பார்த்துவிட்டு அதே மதிப்பெண்ணைக் கொண்டு சேரலாம். ஐ.ஐ.டி.க்களின் இட ஒதுக்கீடு ‘கோவாப்’ என்ற பொதுத் தளத்தின் வழியாகவும், என்.ஐ.டி.க்களின் ஒதுக்கீடு ‘சி.சி.எம்.டி.’ என்ற கலந்தாய்வின் வழியாகவும் நடைபெறுகிறது. அறிவியல் பட்டதாரிகளுக்கு, ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ தேர்வும், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர முதுநிலைக் ‘கியூட்’ தேர்வும் உள்ளன. கர்நாடகத் தேர்வாணையம் எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.டெக். இடங்களுக்கு பி.ஜி.சி.இ.டி. தேர்வை நடத்துகிறது. தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் உண்டு.

மாநிலத் தேர்வுகளைப் பொறுத்தவரை, பீன்யாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த ஊர் தமிழ்நாட்டில். பள்ளி, கல்லூரி பெங்களூரில். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இரு மாநிலங்களும் தத்தம் இருப்பிட விதிகளை வைத்திருக்கின்றன. கர்நாடகத்தில் பொதுவாகப் பேசப்படும் அடிப்படை, அம்மாநிலத்தில் குறைந்தது 7 கல்வியாண்டுகள் படித்திருப்பது. இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் தங்கள் பள்ளிகளிலிருந்து படிப்புச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பம் தொடங்கிய பின் பழைய பள்ளியைத் தேடி ஓடுவது பெரும் அலைச்சல்.

மேலாண்மை கேட் தேர்வின் அடிப்படைத் தகுதி, 50 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 விழுக்காடு. இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். எனினும் இங்கு ஓர் உள்விவரம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் தகுதி வேறு. தேர்வு பெறும் வாய்ப்பு வேறு. பெங்களூர்க் கழகம் உட்படப் பல மேலாண்மைக் கழகங்கள், நேர்முகத் தேர்வுக்கும் இறுதித் தேர்வுக்கும் ஆட்களைத் தெரிவு செய்யும்போது பணி அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் வழங்குகின்றன. அனுபவம் இல்லாதவர் அந்தப் பகுதியில் இழப்பதை, தேர்வு மதிப்பெண்ணிலும் பள்ளி, கல்லூரி மதிப்பெண்களிலும் ஈடுகட்ட வேண்டும். ஆண்டுதோறும் பலர் ஈடுகட்டிச் சேரவும் செய்கிறார்கள்.

வெளிநாடுகளிலும் இதே இருவகைப் பிரிவுதான். ஜெர்மனியில் இதற்குத் தெளிவான பெயர்களே உள்ளன. இளநிலையின் தொடர்ச்சியான முதுநிலைக்குப் பணி அனுபவம் தேவையில்லை. இளநிலைப் பாடங்கள் முதுநிலைப் பாடத்தோடு பொருந்துகின்றனவா என்பதையே பார்ப்பார்கள். தொழில் செய்வோருக்கான தொடர்கல்வி முதுநிலைக்கோ குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் இரண்டில் எது என்று பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். பிரிட்டனில் எம்.பி.ஏ. படிப்புக்கு ஏறத்தாழ 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள், ‘எம்.எஸ்சி. மேலாண்மை’ என்ற படிப்போ புதிய பட்டதாரிகளுக்காகவே நடத்தப்படுவது. பாரிஸ், லண்டன் முதலிய நகரங்களின் புகழ்பெற்ற மேலாண்மைப் பள்ளிகளிலும் இத்தகைய படிப்புகள் உள்ளன. அமெரிக்காவில் பொறியியல், அறிவியல் துறைகளின் எம்.எஸ். படிப்புகளுக்கும் அனுபவ நிபந்தனை பெரும்பாலும் இல்லை.

அப்படியானால் விண்ணப்பத்தில் ‘பணி அனுபவம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஒன்றுமில்லையென்றால் ஒன்றுமில்லை என்றே விட்டுவிடலாம். அதனால் விண்ணப்பம் தள்ளப்படாது. ஆனால் அந்த இடத்தை நிரப்பக்கூடிய உண்மையான செய்திகள் பல மாணவர்களிடம் இருக்கின்றன. அவற்றை அனுபவமாகக் கருத அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கிளைக்கு வந்த அந்த மாணவியிடம் கல்லூரித் திட்டப்பணி என்ன என்று கேட்டேன். சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டுமுனை தேய்வதைப் பற்றி ஆராய்ந்ததாகச் சொன்னார். எங்கே செய்தீர்கள் என்றேன். தகப்பனார் வேலை பார்க்கும் பட்டறையில், ஆறு வாரங்கள். எத்தனை உருப்படிகளுக்குப் பிறகு அளவு பிசகுகிறது என்று நாள்தோறும் மைக்ரோமீட்டரால் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முனையை எப்போது மாற்ற வேண்டும் என்பதை இயக்குபவர் ஓசையை வைத்துக் கணிக்கிறார்; அந்தக் கணிப்பு அளவீட்டோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதே அவர் தேடிய விடை. இயக்குபவர் வேறு யாருமல்லர், தகப்பனார்தான்.

இதைவிடச் சிறந்த நோக்க விளக்கக் கட்டுரை எதுவாக இருக்க முடியும்? ஆனால் அவர் எழுதி வைத்திருந்த வரைவில் இதில் ஒரு வரியும் இல்லை. ‘சிறுவயது முதலே எனக்குப் பொறியியலில் ஆர்வம்’ என்று தொடங்கி, யாரோ எழுதியதைப் போன்ற இரண்டு பக்கங்கள் இருந்தன. பல்கலைக்கழகத்தின் தெரிவுக் குழுவினர் அத்தகைய கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் படிக்கிறார்கள். எந்தக் கேள்வி மனத்தில் எழுந்தது, அதற்கு என்ன செய்தீர், விடை எங்கே முட்டி நின்றது, அதைத் தாண்ட இப்படிப்பின் எந்தப் பாடம் உதவும் என்ற வரிசையில் எழுதப்பட்ட ஒன்றரைப் பக்கமே போதுமானது. பரிந்துரைக் கடிதமும் அப்படியே. அனுபவம் இல்லாத மாணவருக்கு மேலதிகாரி இல்லை. ஆசிரியர்தான் பரிந்துரைக்க முடியும். பதவியில் பெரியவரான முதல்வரைவிட, திட்டப்பணியை அருகிலிருந்து வழிநடத்திய விரிவுரையாளரின் கடிதம் மதிப்பு மிக்கது. அவருக்கு உங்கள் வேலை தெரியும்.

சிறு பட்டறையில் பயிற்சி பெற்றவர்கள் அதற்குரிய கடிதத்தை உரிய முறையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டறையின் பெயரும் முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் அச்சிட்ட தாளில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்ன பணி என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். ஆறு வாரம் என்றால் ஆறு வாரம் என்றே இருக்கட்டும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டு ‘அனுபவச் சான்றிதழ்’ எழுதித் தரும் இடைத்தரகர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். தேவையே இல்லாத ஒன்றுக்காகச் செய்யப்படும் இந்தத் தவறு, மாணவரின் எதிர்காலத்தையே முடக்கக்கூடியது. வருங்கால வைப்புநிதிக் கணக்கு, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவு ஆகியவற்றை ஒப்பிட்டால் பொய்ச் சான்று வெளிப்பட்டுவிடும். ஜெர்மனி செல்லும் இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகளை ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு ஆராய்ந்து சான்றளித்த பிறகே விசா விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. 2022 நவம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. போலி ஆவணம் கண்டறியப்பட்டால் சேர்க்கையும் விசாவும் பறிபோகும். வாங்கிய கடன் மட்டும் நிலைத்திருக்கும்.

இனிக் கடன். வேலை அனுபவம் இல்லாத மாணவருக்கு வருமானச் சான்று இல்லை. அதனால் கடன் மறுக்கப்படுமோ என்ற அச்சம் தேவையற்றது. கல்விக்கடன், படித்த பின் வரவிருக்கும் வருமானத்தை நோக்கித் தரப்படுவது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார்கள். வங்கி பார்ப்பது: எந்த நிறுவனம், எந்தப் படிப்பு, தகுதி அடிப்படையில் கிடைத்த இடமா, முடித்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்பவையே. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, 7.5 லட்ச ரூபாய் வரையிலான கடன்களுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியம் துணை நிற்பதால், சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கப்படுவதில்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கே சொத்துப் பிணை என்ற பேச்சு எழும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இதையும் தளர்த்தியது. தரவரிசையில் முன்னிற்கும் உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் வழங்கப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்ச ரூபாய்க்கு உட்பட்டிருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, 10 லட்ச ரூபாய் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 விழுக்காட்டு வட்டிச் சலுகையும் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு இத்திட்டம் பொருந்தாது.

தகப்பனார் கொண்டுவந்த பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விவசாய நிலத்தைப் பிணையாக ஏற்க வங்கிகள் பொதுவாகத் தயங்கும். கடன் மீட்புக்கான 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதே காரணம். வீடு, மனை, வைப்புத்தொகை போன்றவையே எளிதில் ஏற்கப்படும். இது தெரியாமல், செங்கத்துக்குப் போய் வில்லங்கச் சான்று, பட்டா நகல் என்று அவர் மூன்று நாள் கூலியை இழந்திருந்தார். கிளையில் ஒரு வார்த்தை முன்பே கேட்டிருக்கலாம்.

கடனின் சுமையைக் கணக்கிட்டுக் காட்டினால்தான் உண்மை புலப்படும். 10 லட்ச ரூபாய்க் கடன், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு, ஈராண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு அவகாசம் என்று கொள்வோம். இந்த 3 ஆண்டுகளும் தனிவட்டியே சேரும். முழுத் தொகையும் முதல் நாளே வழங்கப்பட்டதாகக் கொண்டால், வட்டி 3 லட்சம். அதை அசலோடு சேர்த்து 13 லட்சத்தை 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால், மாதத் தவணை ஏறத்தாழ 17,180 ரூபாய். படிக்கும் காலத்திலேயே மாதந்தோறும் சுமார் 8,330 ரூபாய் வட்டியைக் குடும்பம் கட்டிவந்தால், பிற்காலத் தவணை சுமார் 13,215 ரூபாயாகக் குறையும். அவ்வாறு கட்டுவோருக்கு வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு சலுகை தரும் வங்கிகளும் உண்டு. உண்மையில் கட்டணம் பருவந்தோறும் வழங்கப்படுவதால் வட்டி இதைவிடக் குறைவாகவே வரும். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர், செலுத்தும் வட்டி முழுவதையும் 8 ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அசலுக்கு அக்கழிவு இல்லை.

ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்ற பேச்சும் பீன்யாவில் பரவலாகக் கேட்கிறது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் இத்தகைய மாணவர்களிடம் கட்டணம் பெறுகிறது. இதற்கு அப்பால், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் முன்னதாகவே செலுத்திக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. இதையும் கல்விக்கடனில் சேர்க்க முடியுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே கிளையில் கேட்டுத் தெளிவது அவசியம்.

இவ்வளவும் கேட்ட பிறகு தகப்பனார் மீண்டும் கேட்டார்: “எல்லாம் சரிங்க சார். போகலாம்னு புரியுது. இப்பவே போகலாமா, வேலை பார்த்துட்டுப் போகலாமா?”

விதி அனுமதிப்பதனாலேயே உடனே சேர வேண்டும் என்பதில்லை. என் கருத்தில், துறை இன்னதென்று உறுதியாகத் தெரிந்தவர், அதிலும் ஆராய்ச்சி அல்லது தொழில்நுட்பத்தை நாடுபவர், காத்திருப்பதில் பெரும் பயனில்லை. இரண்டு ஆண்டு இடைவெளியில் கணிதம் மறந்துபோவதே மிகுதி. மேலாண்மையை நாடுபவருக்கு நிலை வேறு. இருபது லட்ச ரூபாயைத் தாண்டும் கட்டணத்தைக் கடனாக வாங்கிச் சேரும் முன், ஒரு தொழிற்சாலையின் தளத்தில் ஈராண்டு நின்றுவிட்டுப் போவது, சேர்க்கையிலும் பின்னர் வேலையிலும் பயன் தரும். நடுவழியும் ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், புதிய பொறியியல் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி கிடைக்கிறது. முடிவில் அரசுச் சான்றிதழ் உண்டு. தென்மாநிலங்களுக்கு இதைச் சென்னையில் உள்ள மண்டல வாரியம் நடத்துகிறது. வேலையை விடாமலே படிக்க விரும்புவோர்க்குப் பிலானி பிட்ஸ் நிறுவனம் நடத்துவது போன்ற எம்.டெக். படிப்புகள் உள்ளன, ஆனால் அவை பணியில் இருப்போருக்கே உரியவை.

அந்த மாணவி அந்த ஆண்டே பொறியியல் கேட் எழுதப் பதிவு செய்தார். நோக்க விளக்கத்தை மூன்று முறை திருத்தி எழுதினார்; வெட்டுமுனை நோட்டும் அதில் இடம்பெற்றது. மறு ஆண்டு கோடையில் ஒரு மத்திய அரசுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உற்பத்திப் பொறியியலில் இடம் கிடைத்தது. கேட் மதிப்பெண்ணுடன் முழுநேர எம்.டெக். சேர்வோருக்கு வழங்கப்படும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைத்தது. கட்டணத்துக்கும் விடுதிக்குமாகச் சிறு தொகையே கடனாகத் தேவைப்பட்டது. பிணை எதுவும் கேட்கப்படவில்லை. கையெழுத்திட வந்த அன்றும் தகப்பனார் அந்தத் துணிப்பையைக் கொண்டுவந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்ததாகச் சொன்னார். பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டிய வேலை வரவில்லை.